மயிலாப்பூரில் பழைய வீட்டை விற்க நினைப்பவர்களுக்கு

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியை ஒட்டிய சந்தில் இருந்த எங்கள் வீட்டை விற்கும் பொறுப்பு, மூத்த பெண் என்பதால் என்னிடம் வந்தது. வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் தம்பிகளும் "அக்கா, நீயே பார்த்துக்கோ" என்று விட்டுவிட்டார்கள். அதே தெருவில் இன்னும் சில குடும்பங்கள் இப்போது இந்த யோசனையில் இருக்கின்றன. அவர்கள் கேட்டபோது சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

புரோக்கரை வரச் சொல்வதற்கு முன்னால், கையெழுத்துப் போட வேண்டியவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அட்வான்ஸ் வாங்கிய பிறகு புதிதாக ஒரு வாரிசு முளைத்தால் விற்பனையும் நின்றுபோகும், உறவும் கெட்டுப்போகும்.

எங்கள் வீட்டையே சொல்கிறேன். அப்பா சொந்த சம்பாத்தியத்தில் வாங்கியது, உயில் எழுதவில்லை. அம்மா, நான், இரண்டு தம்பிகள், ஆக நாலு பாகம் என்றுதான் வீட்டில் பேச்சு. ஆனால் அப்பா தவறியபோது பாட்டி உயிரோடு இருந்தார். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்தவரின் தாயாரும் முதல் வகுப்பு வாரிசு. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள அதே பங்கு அவருக்கும் உண்டு. அப்போது பாகம் ஐந்து. பாட்டியும் உயில் எழுதாமல் காலமானதால் அவருடைய ஐந்தில் ஒரு பாகம் அவர் பிள்ளைகள் வழியில் இறங்குகிறது: பாதி எங்கள் அத்தைக்கு, மறுபாதி அப்பாவின் பிள்ளைகளான எங்கள் மூவருக்கு. மொத்த வீட்டில் பத்தில் ஒரு பங்கு அத்தையுடையது. பழம், வெற்றிலைபாக்கோடு அவர் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னபோது அவருக்கே அது புதுச் செய்தியாக இருந்தது. அப்பா, பாட்டி இருவருக்குமே தனித்தனியாக வாரிசு சான்றிதழ் வாங்கி, அத்தையையும் விற்பவர்களில் ஒருவராகச் சேர்த்தோம். உங்கள் வீட்டிலும் பாட்டி எப்போது காலமானார் என்று முதலில் பாருங்கள்.

தாத்தா காலத்துப் பூர்வீகச் சொத்து என்றால் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் 1989-லேயே, அப்போது கல்யாணமாகாத பெண்களுக்குச் சம உரிமை வந்தது. 2005 திருத்தம் எல்லாப் பெண்களுக்கும் கொடுத்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்திருந்தால் மட்டும் அதைக் கலைக்க முடியாது. "சீர் செய்து அனுப்பியாச்சே" என்று தங்கையை விட்டுவிட்டுப் பத்திரம் எழுதாதீர்கள். அது சட்டத்துக்கும் ஆகாது, நியாயத்துக்கும் ஆகாது.

அடுத்து காகிதங்கள். மயிலாப்பூரில் எதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது, மனை கோயிலுடையதா என்பது. மாட வீதிகளைச் சுற்றிப் பல வீடுகள் கோயில் அடிமனையில் நிற்கின்றன. பழைய டிரங்குப் பெட்டியில் அடிமனை வாடகை ரசீது கிடைத்தால் அதுவே அடையாளம். கோயில் நிலத்தை அறநிலையத் துறையின் அனுமதி இல்லாமல் விற்கும் பத்திரத்தைச் சார்பதிவாளர் பதிவு செய்யமாட்டார்.

பிறகு மூலப் பத்திரத்தை எடுத்து, நான்கு எல்லைகளை வாசலில் நின்று படித்துப் பாருங்கள். எங்கள் மூலப் பத்திரம் 1934-ல் எழுதியது. "வடக்கே முனிசிபல் சந்து, தெற்கே இன்னார் வீடும் மனையும்" என்று போகும். அந்த இன்னார் போய், வீடு கை மாறி, இப்போது அங்கே அடுக்குமாடி. பத்திரத்தில் அளவு கிரவுண்டிலும் சதுர அடியிலும் இருக்கும். டவுன் சர்வே நிலப் பதிவேட்டில் சதுர மீட்டரில் இருக்கும். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. சர்வேயரை வைத்து அளந்து, இரண்டையும் ஒப்பிட்டு ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால் அதையும் அதில் குறியுங்கள். வாங்குபவர் இடித்துக் கட்ட நினைத்தால் தகராறு கிளம்பும் இடம் அதுதான். வில்லங்கச் சான்றிதழ் பெரும்பாலும் 1975 முதல் இணையத்தில் கிடைக்கும். அதற்கு முந்தையதற்குப் பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும்.

இப்போது விலை. புரோக்கர்கள் மனைக்கு மட்டும்தான் ரேட் சொல்வார்கள். அவர்கள் கணக்கில் கட்டிடம் வெறும் இடிபாடு. ஒத்துக்கொள்ளாதீர்கள். ரேழியும் முற்றமும் பர்மாத் தேக்குத் தூண்களும் உள்ள வீட்டை அப்படியே வைத்துக்கொள்ள ஆசைப்படுபவர்கள் இருக்கிறார்கள். குறைவுதான், ஆனாலும் அவர்களைத் தேடிப் பார்ப்பது நம் கடமை என்று நினைக்கிறேன். காட்டுவதற்காகச் சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசாதீர்கள். ஈரம் உள்ளே அடைபட்டுக் காரை புடைத்து உதிரும். மெட்ராஸ் டெரஸ் என்னும் பழைய தட்டைக் கூரையில் தட்டு ஓடுகளின் விரிசலை மட்டும் சரிசெய்து, சுண்ணாம்பு அடியுங்கள், போதும். முற்பகலில், முற்றத்தில் வெயில் இறங்கும் நேரத்தில் வரச் சொல்லுங்கள். பங்குனி உற்சவ நாட்களில் வேண்டாம். அறுபத்துமூவர் அன்று தெருவுக்குள் நுழையவே முடியாது.

விலை படிந்தால் ஒப்பந்தத்தில் தூண், கதவு, ஊஞ்சல் பலகை யாருக்கு என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். வாசற்கதவையும் கூடத்து ஊஞ்சலையும் நாங்கள் எடுத்துக்கொண்டோம். எழுதாவிட்டால் அவை இடிப்பு காண்ட்ராக்டருக்குப் போய்விடும். இந்தக் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். வெளிநாட்டில் இருக்கும் தம்பி தங்கைகளின் பவர் பத்திரம் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்தாகி வருவது நல்லது. இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.

"பாதி கேஷா வாங்கிக்கோங்க" என்று கட்டாயம் கேட்பார்கள். கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமாக உங்களுக்கே அபராதம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பத்திரம் போட்டு மீதியை ரொக்கமாகத் தரச் சொல்பவர், முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார். ஆபத்து நமக்கு.

வருமான வரி ஒவ்வொரு வாரிசுக்கும் அவரவர் பங்குக்குத் தனித்தனி. பழைய சொத்துக்கு 2001 ஏப்ரல் 1 அன்று இருந்த மதிப்பை அடக்கவிலையாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்கிவிடுங்கள். 2024 ஜூலை 23-க்கு முன் வந்த சொத்தாக இருந்தால், இந்தியாவில் வசிப்பவருக்கு லாபத்தில் 12.5 சதவீதமா, அடக்கவிலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிட்டு 20 சதவீதமா, எது குறைவோ அது. வெளிநாட்டுத் தம்பிக்கு இந்தத் தேர்வு கிடையாது. லாபத்தில் மட்டும் பிடிக்கும்படி வருமான வரித் துறையிடம் அவர் முன்கூட்டியே சான்றிதழ் வாங்காவிட்டால், விற்ற முழுத் தொகையிலும் வரி பிடிப்பார்கள்.

பதிவு நாளன்று எல்லாப் பணத்தையும் ஒருவர் கணக்கில் வாங்கிப் பிறகு பிரிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வாரிசு ஒருவருக்கு ஒரு டிடி என்று எடுக்கச் சொல்லி, அந்த எண்களைப் பத்திரத்தில் ஏற்றுங்கள். அத்தையின் டிடியை அவர் கையில் கொடுத்த பிறகுதான் நாங்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம்.