பிளவு உதட்டுக் குழந்தைகளுக்கு உதவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஆண்டு விழாவையொட்டி ஒரு முகாம் நடத்திவிடலாம். உதடு பிளந்து பிறந்த இருபது குழந்தைகளை நீங்கள் அழைத்து வாருங்கள், டாக்டர் செலவு முழுவதும் எங்கள் சங்கத்தின் பொறுப்பு." நல்ல மனதோடு வரும் இந்த அழைப்பைப் பலமுறை கேட்டிருக்கிறேன். என் பதில் மாறியதில்லை: டாக்டர் செலவை விடுங்கள், பஸ் செலவைக் கொடுங்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பணம் இல்லாததால்தான் குழந்தை அப்படியே வளர்கிறது என்று நினைப்பதுதான் முதல் தவறு. 1999இல் நியூயார்க்கில் தொடங்கிய ஸ்மைல் டிரெயின் அமைப்பு, இந்தியாவின் பல மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சைக்கான செலவை ஏற்றுக்கொள்கிறது. பெற்றோர் பணம் கட்டுவதில்லை. மத்திய அரசு 2013இல் கொண்டுவந்த சிறார் நலத் திட்டத்திலும் உதட்டுப் பிளவும் அண்ணப்பிளவும் (வாயின் மேற்கூரையில் உள்ள பிளவு) இருக்கின்றன. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு இத்தகைய குழந்தையைக் கண்டால் மாவட்ட மையத்துக்கு அனுப்ப வேண்டும். அப்படியும் பத்து வயதில் பிளந்த உதட்டோடு மாடு மேய்க்கும் பிள்ளை இருக்கிறான் என்றால், அவனுடைய அம்மா ஒரு வாரக் கூலியை விட முடியாமல் இருந்திருப்பாள். வீட்டில் இருக்கும் மற்ற இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்திருக்காது. அல்லது ஒருமுறை போய், "சளி இருக்கிறது, அடுத்த மாதம் வாருங்கள்" என்று திருப்பி அனுப்பப்பட்டு, அந்த அடுத்த மாதம் வராமலே போயிருக்கும். உதவ நினைப்பவர்களின் பணம் போய்ச் சேர வேண்டிய இடம் இதுதான்.

முகாம்களைப் பற்றிய என் தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1982இல் அமெரிக்காவைச் சேர்ந்த மகீ தம்பதியர் ஒரு மருத்துவக் குழுவோடு பிலிப்பைன்ஸ் போனார்கள். வந்து நின்ற குழந்தைகளில் பெரும்பாலானவர்களைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அந்த வேதனையிலிருந்துதான் ஆபரேஷன் ஸ்மைல் பிறந்தது. பறந்து வந்து திரும்பும் குழுக்கள் எத்தனையோ குழந்தைகளுக்கு வாழ்வு தந்திருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்துத் தையல் இடத்தில் ஓட்டை விழுந்தால் யாரிடம் போவது? திருச்சூர் ஜூபிலி மிஷன் மருத்துவமனையில் டாக்டர் ஆடன்வாலா பல பத்தாண்டுகள் இந்தக் குழந்தைகளுக்காகவே உழைத்து, தன் ஆசான் சார்லஸ் பின்டோவின் பெயரில் ஒரு மையத்தையும் உருவாக்கினார். நான் நம்புவது அந்த வழியை: குழந்தை திரும்பி வரும்போது அதே வாசல் திறந்திருக்க வேண்டும்.

அடுத்த தவறு அவசரம். பிறந்த வாரமே தைத்துவிட வேண்டும் என்று பாட்டி அழுவாள். அவளைத் தேற்றுவதற்காகத் தன்னார்வலரும் தேதி கேட்டு நிற்பார். மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு ஒன்று இருக்கிறது: குறைந்தது 10 வார வயது, 10 பவுண்டு எடை, 100 மில்லி ரத்தத்தில் 10 கிராம் ஹீமோகுளோபின். பத்து பவுண்டு என்பது சுமார் நாலரை கிலோ. வழக்கமாக உதட்டுக்கு 3 முதல் 6 மாதம், அண்ணத்துக்கு 9 முதல் 18 மாதம். அதுவரை செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான், குழந்தையின் எடையைக் கூட்டுவது.

இங்கேதான் பல குழந்தைகளை நாம் நழுவவிடுகிறோம். அண்ணம் பிளந்திருந்தால், காற்றுப் புகாமல் வாயை அடைத்துக் குழந்தையால் உறிஞ்ச முடியாது. மார்பில் வாய் வைத்தபடி அரை மணி நேரம் போராடிக் களைத்துத் தூங்கிவிடும். வயிற்றில் பால் இருக்காது. "குழந்தை நன்றாகக் குடிக்கிறது" என்று தாய் நம்பிக்கொண்டிருப்பாள். தாய்ப்பாலைக் கறந்து பாலாடையிலோ சங்கிலோ, குழந்தையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும். இடையிடையே தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விட வைக்க வேண்டும். படுக்க வைத்துப் புகட்டினால் பால் மூக்கில் ஏறும், புரையேறும். நம் பாட்டிமார் கையில் இருந்த அந்தப் பாலாடைதான் இந்தக் குழந்தைக்கு முதல் மருந்து. வாரம் ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள். எடை ஏறவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

தாயிடம் யாரும் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு: "கிரகணத்தன்று வெளியே வந்தாயா?" வந்தாலும் வராவிட்டாலும், அரிவாள்மணையைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் உதடு பிளக்காது. கருவின் உதடு கூடிவருவது 4 முதல் 7 வாரங்களுக்குள், அண்ணம் 6 முதல் 9 வாரங்களுக்குள். கருவுற்றிருப்பதே பல பெண்களுக்குத் தெரியாத நாட்கள் அவை. ஏறத்தாழ 700 பிறப்புகளில் ஒன்று இப்படி நேர்கிறது. பழி சுமந்த தாய் குழந்தையை வெளியே காட்ட மாட்டாள். காட்டாத குழந்தைக்குச் சிகிச்சை கிடைக்காது. விளிம்பு உடைந்த பானையையும் பிளந்த உதட்டையும் ஒறுவாய் என்ற ஒரே சொல்லால் குறித்த மொழி நம்முடையது. அந்தச் சொல்லை வைத்து யாராவது பிள்ளையைக் கூப்பிட்டால் அங்கேயே கண்டியுங்கள்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவு நடக்கும் தவறு உயிருக்கே ஆபத்தானது. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் பொதுவாகத் தாய்ப்பாலை 4 மணி நேரமும் மற்ற பாலை 6 மணி நேரமும் நிறுத்தச் சொல்வார்கள். அழுகிறதே என்று யாராவது இரண்டு வாய் புகட்டிவிட்டு மறைத்தால், மயக்கத்தில் அந்தப் பால் நுரையீரலுக்குள் போகலாம். சளியையும் காய்ச்சலையும் மறைப்பதும் அப்படித்தான். "சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்ற பயம் நியாயமானது. அதனால் முன்கூட்டியே வாக்குக் கொடுங்கள்: திருப்பி அனுப்பினாலும் அடுத்த முறைக்கான பஸ் டிக்கெட் எங்கள் செலவு.

இனி, எனக்கு மிகவும் வலிக்கிற தவறு. உதடு கூடிவிட்டது, முகம் அழகாகிவிட்டது, ஊரே கைதட்டிவிட்டது. உள்ளே அண்ணம் பிளந்தபடியே இருக்கிறது. வெளியில் தெரியாத பிளவை யாரும் தேடுவதில்லை. க, ச, ட, த, ப ஆகிய வல்லின ஒலிகளுக்கு வாய்க்குள் காற்று அடைபட வேண்டும். அண்ணம் திறந்திருந்தால் காற்று மூக்கு வழியாக ஓடிவிடும், வல்லினம் மெல்லினமாக நழுவும். குழந்தை "அப்பா" என்று கூப்பிடுவது "அம்மா" என்று கேட்கலாம். அண்ணத்தைச் சரியான வயதில் தைக்காமல் நாள் கடத்தினால், தவறான ஒலிப்பு பழகிவிடுகிறது. பிறகு தைத்தாலும் அது தானாக மாறாது. தைத்த பிறகும் பல குழந்தைகளுக்கு மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி பெரும்பாலும் நகரத்தில்தான் கிடைக்கிறது. ஒரு மலைக் கிராமத்துத் தாய் அதற்காக வாராவாரம் பஸ் ஏற முடியுமா? அருகிலேயே இருக்கும் ஒருவருக்கு அதைக் கற்றுக்கொடுத்து, அவரைக் குழந்தையின் வீட்டுக்கு அனுப்புவதற்கு நன்கொடை தாருங்கள். மேடையில் வைக்கும் பேனரில் அது தெரியாது, குழந்தையின் வாயில் தெரியும்.

காதையும் மறக்கக் கூடாது. அண்ணப்பிளவுக் குழந்தைகளுக்கு நடுச்செவியில் நீர் தேங்குவது மிகச் சாதாரணம். கேட்காத பிள்ளையை மந்தம் என்று கடைசி பெஞ்சில் உட்கார வைத்துவிடுகிறார்கள்.

புகைப்படம் பற்றிச் சுருக்கமாக. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுக்கும் படங்கள் மருத்துவருக்குத் தேவை. அவற்றை வாட்ஸ்அப்பில் சுற்றவிட நமக்கு உரிமை இல்லை. இலவசமாகச் சிகிச்சை பெற்றவர் "வேண்டாம்" என்று சொல்லத் தயங்குவார், ஆகவே அவருடைய சம்மதத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஈறு எலும்பிலும் பிளவு இருந்தால், 8 முதல் 11 வயதுக்குள், கோரைப்பல் முளைப்பதற்கு முன், எலும்பு வைத்து அடைக்க வேண்டியிருக்கும். கைக்குழந்தையாகப் பார்த்த பிள்ளையை அந்த வயதில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கூலி வேலைக்கு ஊர் மாறும் குடும்பங்களின் செல்போன் எண் நிலைப்பதில்லை. எனவே முதல் நாளே தாய்மாமன் எண், அங்கன்வாடிப் பணியாளர் எண், தெருமுனை மளிகைக் கடைக்காரர் எண் மூன்றையும் வாங்கி நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதே பக்கத்தில், குழந்தைக்கு எட்டு வயது நிறையும் ஆண்டையும் எழுதுங்கள்.