குறுக்கெழுத்து நிரப்பிறது எப்பிடி, விடை வந்த பிறகு அதை வச்சு என்ன செய்யிறது

பேப்பர் கையில வந்த உடன 1ம் இலக்கத்தில இருந்து வரிசையா போகாதீங்கோ. கனபேர் அப்பிடித்தான் தொடங்கி, நாலாவது குறிப்பில மாட்டுப்பட்டு, இண்டைக்கு கஷ்டமா குடுத்திருக்கிறாங்கள் எண்டு பேப்பரை மடிச்சு வைக்கிறது. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் எல்லாத்தையும் ஒருக்கா வாசிச்சுக்கொண்டு போய், யோசிக்காமலே வாற விடைய மட்டும் பென்சிலால போடுங்கோ. பேனை வேண்டாம். வெள்ளவத்தையில 100ம் இலக்க பஸ் ஏறி புறக்கோட்டைக்கு போற ஆக்கள் எண்டா இந்த முதல் சுத்து காலி வீதி ட்ராஃபிக்குக்குள்ளயே முடிஞ்சிடும், சீட் கிடைச்சா.

பிறகு கட்டத்தை எண்ணுங்கோ. கால், கொம்பு எல்லாம் சேர்த்து ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம், புள்ளி வச்ச எழுத்துக்கும் தனிக் கட்டம். "யானை" எண்டு மட்டும் குறிப்பு இருந்தா ரெண்டு கட்டத்துக்கு கரி, மூண்டுக்கு களிறு இல்லாட்டி வேழம், நாலுக்கு வாரணம், அஞ்சுக்கு குஞ்சரம். "பெண் யானை" எண்டா பிடி. கட்டம் எண்ணாம யோசிக்கிறதில பிரயோசனமே இல்ல. இன்னொண்டு, குறிப்பு "இலங்கை வேந்தன்" எண்டு இருக்கு, உங்களுக்கு விடை தெரியும், ஆனா ஒரு கட்டம் மிஞ்சுது எண்டா பதறாதீங்கோ, போட்டவர் இராவணன் எண்டு இ வச்சு எழுதியிருப்பார். ரதம் இரதம், ராமன் இராமன் எல்லாம் இதே கதைதான்.

கட்டம் சரியா வந்தாலும் அவசரப்படக் கூடாது. "இலங்கையில் ஓடும் ஆறு", மூண்டு கட்டம், நடுவில ள விழுந்திருக்கு. கொழும்பு ஆக்கள் யோசிக்காம களனி எண்டு போடுவம். அம்பலாந்தோட்டைப் பக்கம் கடலில விழுற வளவைக்கும் மூண்டு கட்டம்தான், நடுவில அதே ள தான். முதல் எழுத்தோ கடைசி எழுத்தோ மற்றப் பக்கத்தால வரும் வரைக்கும் ரெண்டையும் ஓரத்தில சின்னனா எழுதி வையுங்கோ.

இந்த விளையாட்டு இங்கிலிஷ்ல இருந்து வந்ததுதான். 1913 டிசம்பர் 21ம் திகதி நியூயோர்க் வேர்ல்ட் பத்திரிகையில ஆர்தர் வின் எண்டவர் வைர வடிவத்தில ஒண்டு போட்டார், அதில இருந்துதான் எல்லாம். ஆனா தமிழ்ல போடேக்க ஒரு வசதி கூட. இங்கிலிஷ்ல மற்றப் பக்கத்தால ஒரு எழுத்து விழுந்தா 26ல ஒண்டுதான் தெரிய வரும், எங்கட ஆட்கள் 247 எண்டு எண்ணிற எழுத்தில ஒண்டு விழுந்தா மெய்யும் உயிரும் சேர்ந்தே விழுது. ஒரு கட்டத்தில "னி" எண்டு வந்திட்டா மிச்சம் பாதி தானா வரும். அதால தெரியாத குறிப்போட மல்லுக்கட்டாம அதை வெட்டிப் போற சின்னச் சொல்லுகளை முதல்ல முடியுங்கோ.

இனி வாறதுதான் ஆக்கள் கவனிக்காத விசயம். பள்ளிக்கூடத்தில மெய்ம்மயக்கம், அதாவது எந்த மெய்க்குப் பிறகு எந்த எழுத்து வரலாம் எண்ட விதி, எண்டு ஒண்டு படிச்சு சோதினையோட மறந்திருப்பம், அது குறுக்கெழுத்துக்கெண்டே செய்து வச்ச மாதிரி. க், ச், த், ப் இந்த நாலில ஏதாவது ஒரு கட்டத்தில இருந்தா அடுத்த கட்டத்தில அதே எழுத்தின்ர வரிசைதான், அதாவது த் எண்டா அடுத்தது த, தா, தி, து இப்பிடி ஒண்டு. பக்தி, சக்தி மாதிரி வடசொல்லோ வேற வெளிச்சொல்லோ வந்தா மட்டும் இது உடையும். ர், ழ் ரெண்டும் இரட்டிக்காது, ர் க்கு பக்கத்தில ர போட்டிருந்தா எங்கயோ பிழை. ங் வந்தா பிறகு அனேகமா க வரிசைதான், ஞ் வந்தா அனேகமா ச. சொல்லுத் தொடங்கிற கட்டத்தில ழ, ள, ண, ன, ற விழுந்தா அதை வெட்டிப் போற விடைய அழியுங்கோ, அதுதான் பிழை. கடைசிக் கட்டத்தில க், ச், ட், த், ப், ற் வந்தாலும் அப்பிடித்தான், பேங்க் மாதிரி வெளிச்சொல்லு குடுத்திருந்தா தவிர.

எங்கட பேப்பர்களில "குழம்பியுள்ளது" "திரும்பியுள்ளது" எண்டு குறிப்புக்குப் பக்கத்தில போடுவினம் தானே, அந்த வரிசைகளுக்கு மேல சொன்ன விதி ஒண்டும் சரிவராது, ஏனெண்டா கட்டத்துக்குள்ள எழுத்து மாறித்தான் நிக்கும். திரும்பியுள்ளது பிரச்சினை இல்ல, கடைசியில இருந்து எழுதினாச் சரி. குழம்பினதை கடைசிக்கு விடுங்கோ. சுத்தி உள்ளது நிரம்பினாப் பிறகு அதில ர, கு, ஞ், ம், ச எண்டு நிக்குது எண்டு வைப்பம். இப்ப விதிய வெளியில எடுங்கோ, ஞ் முன்னுக்கு வராது, அதுக்குப் பின்னால ச தான் நிக்கோணும், ம் கடைசிக்குப் போகும், மிச்சம் கு வும் ர வும். குஞ்சரம். குறிப்பில யானை எண்டு இருந்தா விசயம் முடிஞ்சுது.

ஒண்டும் வரேல்ல எண்டா குறிப்பை அப்பிடியே கூகுளில போடுறது எனக்குப் பிடிக்காது, அது நிரப்பிறதே இல்ல. வீட்டில அம்மம்மா இருந்தா கேளுங்கோ, வட்ஸ்அப்பில மாமாட்ட கேளுங்கோ, அது ஞாயம். பின்னேரம் வரைக்கும் வச்சிருந்து திரும்பப் பார்த்தா ரெண்டு மூண்டு தானா வரும்.

பேப்பரில விடை வந்த பிறகுதான் படிப்பு. சரி வந்ததை விடுங்கோ, வராததை மட்டும் ஒரு சீஆர் கொப்பியில எழுதுங்கோ, குறிப்பு, நீங்கள் போட்ட பிழையான சொல்லு, சரியான விடை. அகர வரிசையில எழுதினா அழகா இருக்கும், ஆனா உதவாது. கட்ட எண்ணிக்கைப்படி பக்கம் பிரியுங்கோ, ரெண்டு எழுத்துக்கு ஒரு பக்கம், மூண்டுக்கு ஒரு பக்கம். ஏனெண்டா பிறகு தேடேக்க உங்கட கையில இருக்கிறது அந்த எண்ணிக்கைதான். ரெண்டு எழுத்துப் பக்கம்தான் கெதியா நிரம்பும், ஆழி, பரி, மதி, கோன், இதுகள் திரும்பத் திரும்ப வாற ஆக்கள்.

எழுதினா மட்டும் காணாது, ஒவ்வொண்டுக்கும் அடுத்த பொருளையும் தேடுங்கோ. ஆழி எண்டா கடல் எண்டு இண்டைக்கு வந்தது, நாளைக்கு "சக்கரம்" எண்டோ "மோதிரம்" எண்டோ குடுத்திட்டு அதே ஆழிய எதிர்பார்ப்பினம். வாரணத்துக்கு யானை மட்டும் இல்ல, சங்கும் கோழியும் இருக்கு. இப்பிடி ஒரு சொல்லுக்கு பல பொருள் பார்க்க சூடாமணி நிகண்டு எண்ட பழைய சொற்பொருள் நூலில 11வது தொகுதி ஒண்டே போதும், ஒரு பொருளுக்கு பல சொல்லு வேணும் எண்டா அதுக்கு முதல் உள்ள தொகுதிகள், விலங்குக்கு ஒண்டு மரத்துக்கு ஒண்டு எண்டு பிரிச்சே வச்சிருக்கு. சென்னைப் பல்கலைக்கழக தமிழ் லெக்சிகன் எண்ட பேரகராதிய சிக்காகோ பல்கலைக்கழக தளத்தில சும்மா தேடலாம், போனிலயும் திறக்கும். புத்தகமா புரட்ட ஆசை எண்டா வெள்ளவத்தையில கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கு. ஆறு, ஊர், அரசன் மாதிரி விடை எண்டா மெப்பைத் திறந்து எங்க இருக்கு எண்டு ஒருக்கா பாருங்கோ, வளவை எங்க போகுது எண்டு கண்ணால கண்டவருக்கு அடுத்த முறை ஓரத்தில எழுதி வைக்கத் தேவையில்ல.

சில நேரம் பேப்பரில வந்த விடையே பிழையா இருக்கும். ல, ள, ழ மாறி அச்சாகிறது சாதாரணம். உடன சண்டைக்குப் போகாம லெக்சிகனில பாருங்கோ, நீங்கள் கேள்விப்படாத பொருள் அதில இருக்கக்கூடும். அப்பிடியும் இல்ல எண்டா பக்கத்தில கேள்விக்குறி போட்டு வச்சிட்டு, குறிப்பு இலக்கத்தையும் திகதியையும் சேர்த்து ஆசிரியருக்கு ரெண்டு வரி எழுதிப் போடுங்கோ, அந்தச் சொல்லை மட்டும் கொப்பிக்குள்ள ஏத்தாதீங்கோ.