மணல் எடுத்த விளைநிலத்துக்கு முதலில் வேர், அப்புறம் மரம்

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி, சின்னவிளை பக்கத்துக்காரர்களுக்கு இந்த மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மணலைத் தோண்டி இல்மனைட், மோனசைட், சிர்க்கான் என்ற தாதுக்களை எல்லாம் பிரித்தெடுத்த பிறகு குழியை நிரப்ப வருவது பெரும்பாலும் வெறும் வெள்ளை மணல். மக்கு கிடையாது, தண்ணீர் ஊற்றினால் நிற்காது. அதில் நேராகத் தென்னங்கன்று வைப்பது காசைக் கடலில் போடுகிற மாதிரி. நான் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறவள்தான். ஆனாலும் அப்படிக் கன்று கேட்டு வருகிறவர்களிடம் முதலில் வேம் (VAM) பற்றித்தான் பேசுவேன்.

வேம் என்பது வேருக்குள் குடியிருக்கும் பூஞ்சை. செடியிடம் சர்க்கரை வாங்கிக்கொண்டு, வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கொண்டுவந்து கொடுக்கும். அதன் இழைகள் மணல் துகள்களையும் பிடித்துக் கட்டும். உயிருள்ள வேர் இல்லாமல் அது பெருகாது. மூட்டை வாங்கி வெறும் மணலில் தூவினால் வீண்.

வீட்டிலேயே பெருக்கலாம். ஒரு மீட்டர் நீள அகலத்தில் 30 செ.மீ. ஆழக் குழி எடுத்து பாலித்தீன் தாள் விரியுங்கள். 50 கிலோ வெர்மிகுலைட் (சூட்டில் பொரித்த, எடை குறைந்த கனிமத் துகள்), 5 கிலோ வேகவைத்து ஆற்றிய மண், ஒரு கிலோ தாய் வேம் (பெருக்குவதற்கான வித்து) போட்டு மக்காச்சோளம் விதையுங்கள். 60 நாளில் தட்டையை அறுத்துவிட்டு, வேரைப் பொடியாக நறுக்கி அந்தக் கலவையோடு சேர்த்தால் ஏறக்குறைய 55 கிலோ கிடைக்கும். வெர்மிகுலைட் விலை கையைக் கடிக்கும். நாலு பேர் சேர்ந்து ஒரு குழி போடுங்கள். தாய் வேம் எங்கே கிடைக்கும் என்று திருப்பதிசாரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் விசாரிக்கலாம்.

இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழை) முன்னால் மட்கிய நார்க்கழிவும் சாணமும் கொத்திவிட்டு, வேம் கலந்து பசுந்தாள் உரப் பயிர்களான தக்கைப்பூண்டு, சணப்பு, கொழிஞ்சி விதையுங்கள். பூக்கும்போது அறுத்து அங்கேயே போடுங்கள். கொழிஞ்சியை மட்டும் ஓரமாக விட்டுவைப்பேன், ஆடு அதைச் சீண்டாது. சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிக் கொட்டாதீர்கள். மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் வேர் பூஞ்சையைச் சேர்த்துக்கொள்ளாது. கடுகு, முட்டைக்கோஸ் வகையில் வேம் ஒட்டுவதே இல்லை.

மரம் அடுத்த மழைக்கு. சவுக்கு, புன்னை, புங்கு, கொல்லாமரம் (முந்திரி) போதும். குழிக்கு 20 கிராம் வேம், வேரில் படும்படி. சவுக்கின் வேர் முடிச்சில் பிராங்கியா என்ற நுண்ணுயிர் இருந்து காற்றிலிருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜன்) பிடித்துத் தரும். அதனால் முதல் வரிசை அதற்குத்தான்.

மோனசைட்டில் தோரியம் என்ற கதிரியக்க உலோகம் உண்டு. பூஞ்சை அதைத் தின்றுவிடும் என்று யாராவது விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். தோரியமோ ஈயமோ மட்கிப்போகிற பொருள் இல்லை. செடியும் பூஞ்சையும் சேர்ந்து அதை ஓரளவு இருந்த இடத்திலேயே பிடித்துவைக்கும், தூசி பறக்காமல் தடுக்கும், அவ்வளவுதான். வழக்கமான மண் பரிசோதனைச் சீட்டில் கன உலோகம் வராது, தனியாகக் கேட்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கீரையும் கிழங்கும் வேண்டாம், வெட்டிய தழையை மாட்டுக்கும் போட வேண்டாம். சரிவில் வெட்டிவேர் வைத்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

வேம் பிடித்ததா என்று வேரைப் பிடுங்கிப் பார்த்தால் தெரியாது. சாயம் ஏற்றி நுண்ணோக்கியில்தான் தெரியும். வேம் போடாத ஒரு வரிசையைப் பக்கத்திலேயே விட்டுவைத்து, இரண்டின் உயரத்தையும் இலை நிறத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.