முதல் ஆண்டே கோப்பை கேட்காதீர்கள்: உலக ராலிக்குள் நுழையும் கார் நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூப்பாறையில் என் பட்டறைக்கு வரும் ஜீப் ஓட்டுநர்களில் பாதிப் பேர் ராலி, அதாவது காட்டுச்சாலை, மலைச்சாலைகளில் நேரத்தோடு ஓடும் கார்ப்பந்தயத்தின்மீது பித்துப் பிடித்தவர்கள். விடிவதற்கு முன்பே போடியில் ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வருகிறவர்கள். சாயங்காலம் வண்டியை விட்டுவிட்டு, பின்லாந்துக் காட்டுக்குள் டொயோட்டா பறப்பதைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். போன வாரம் அவர்களில் ஒருவன் கேட்டான்: "அண்ணே, மஹிந்திரா நம் தேசிய ராலியில் ஜெயித்திருக்கிறதே, உலக ராலிக்கு ஏன் போவதில்லை?"

கேட்க வேண்டிய கேள்விதான். உலக ராலி சாம்பியன்ஷிப்பின் மேல்மட்டத்தில் இன்று டொயோட்டா, ஹூண்டாய், ஃபோர்டு காரை ஓட்டும் எம்-ஸ்போர்ட் என்று மூன்றே பெரிய அணிகள்தான். 2027-ல் விதிகள் மாறுகின்றன. ஒரு காரின் விலைக்கு 3,45,000 யூரோ உச்சவரம்பு வைக்கிறார்கள். கார் நிறுவனமாக இல்லாத தனிப் பட்டறைகளும் கார் கட்டி இறங்கலாம். புதியவர்களுக்குக் கதவு திறக்கிறது. அதனால்தான் இதற்கு முன் ஆழம் தெரியாமல் காலை விட்டவர்கள் எங்கே தவறினார்கள் என்பதை இப்போதே பேசிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

மற்ற எல்லாத் தவறுகளுக்கும் தாய் அவசரம். சுஸூகியை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்ச் சாலைகளிலும் ஓடிய அதே எஸ்எக்ஸ்4 காரை ராலிக்காக மாற்றி, 2007-ல் சில போட்டிகளில் ஓட்டிப் பார்த்து, 2008-ல் முழு சீசனுக்கு இறக்கினார்கள். ஆண்டின் முதல் பாதியில் பழுதுமேல் பழுது. அக்டோபர் கடைசியில் ஜப்பான் ராலியில் ஐந்தாம், ஆறாம் இடங்கள் கிடைத்தன. அந்த டிசம்பரிலேயே, உலகப் பொருளாதார நெருக்கடியைக் காரணம் சொல்லி விலகிவிட்டார்கள். ஏலச்செடி நட்டவனுக்குத் தெரியும், மூன்றாம் ஆண்டில்தான் காய் பறிக்க முடியும் என்று. சுஸூகி பூ விட்ட நேரத்தில் செடியைப் பிடுங்கியது. அந்த ஆண்டு நெருக்கடி உண்மைதான். சுபாருவும் அப்போதுதான் விலகியது. ஆனால் சுபாருவின் கையில் பட்டங்கள் இருந்தன. சுஸூகியின் கையில் பாடம் மட்டுமே இருந்தது, அதையும் பயன்படுத்தாமல் போனார்கள்.

ஹூண்டாயின் கதை இன்னும் தெளிவானது, ஏனென்றால் அது இரண்டு முறை நுழைந்தது. முதல் முறை 2000-ல், ஆக்சென்ட் காரோடு. காரைக் கட்டியதும் ஓட்டியதும் இங்கிலாந்தில் இருந்த ஓர் ஒப்பந்த நிறுவனம். 2003 சீசன் முடியும் முன்பே பாதியில் விலக, சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பு அபராதம் விதித்தது. இரண்டாம் முறை 2014-ல், ஜெர்மனியின் அல்ட்செனாவில் சொந்தப் பட்டறை கட்டிக்கொண்டு வந்தார்கள். முதல் போட்டியான மான்டி கார்லோவில் இரண்டு கார்களும் வெளியேறின. ஆனாலும் யாரும் மூட்டை கட்டவில்லை. தயாரிப்பாளர் பட்டம் 2019-ல் வந்தது, 2020-லும் வந்தது. ஓட்டுநர் பட்டத்துக்கு தியெரி நூவில் 2024 வரை காத்திருந்தார். திரும்பி வந்த பிறகு பத்து ஆண்டு!

ஃபோக்ஸ்வாகன் வேறு வழியில் பொறுமை காட்டியது. 2011-ல் வருவதாக அறிவித்துவிட்டு, 2012 முழுவதும் தன் குழுமத்து ஸ்கோடா ஃபாபியாவைக் கீழ் வகுப்பில் ஓட்டியது. போலோ காரை ஒரு பக்கம் சோதித்துக்கொண்டே, மெக்கானிக்குகளுக்கும் பொறியாளர்களுக்கும் போட்டி வாரத்தின் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். 2013-ல் போலோ இறங்கியபோது அணிக்குப் புதிதாக இருந்தது கார் மட்டும்தான். நான்கு ஆண்டில் 52 போட்டிகளில் 43 வெற்றிகள்.

அடுத்த தவறு என் தொழிலைச் சேர்ந்தது: பழுது பார்க்க முடியாத காரைக் கட்டுவது. இதைச் சொல்லும்போது ஒரு நாள் என் நினைவுக்கு வருகிறது. ஒரு பழைய மஹிந்திரா ஜீப், பத்துப் பன்னிரண்டு பெண்களோடு மலையேறும்போது பின்சக்கரங்களுக்கு இன்ஜின் விசையைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் என்ற மூட்டு உடைந்து வழியில் நின்றுவிட்டது. நான் போய்ச் சேரும் முன்பே ஓட்டுநர் கீழே படுத்து, நட்டுகளைக் கழற்றி, ஷாஃப்டை உருவி வண்டிக்குள் போட்டுவிட்டான். பிறகு முன்சக்கர கியரைப் போட்டு, முன்சக்கர இழுப்பிலேயே மெட்டு ஏறினான். தோட்டத்தில் ஆள் பேர் எழுதும் நேரத்துக்குள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு ஸ்பேனரால் கழற்ற முடிந்த ஷாஃப்ட் அது. அதனால்தான் அந்தப் பெண்களின் அன்றைய கூலி தப்பியது.

ராலியின் விதியும் இதேதான். அணிகள் காரைப் பழுது பார்க்கும் இடமான சர்வீஸ் பார்க்குக்கு வெளியே காரைத் தொடும் உரிமை ஓட்டுநருக்கும் துணை ஓட்டுநருக்கும் மட்டுமே. காரில் இருக்கும் கருவி, காரில் இருக்கும் பாகம், அவ்வளவுதான். மாலை சர்வீஸுக்கு மெக்கானிக்குகளுக்கு 45 நிமிடம். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பத்து விநாடி தண்டம். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதற்கு அந்த நேரத்தில் ஒரு பகுதிதான் செலவாக வேண்டும். சுற்றுப்பாதைப் பந்தயத்திலிருந்து வரும் பொறியாளர்கள் எடையைக் குறைக்கவும் காற்றைக் கிழிக்கவும் பாகங்களை இறுக்கி அடைத்துவிடுவார்கள். ஒரு போல்ட்டைத் தொடுவதற்கு மூன்று பாகங்களை எடுக்க வேண்டியிருக்கும். கென்யாவின் சஃபாரி ராலியில், மாவு போன்ற புழுதிக்குள் நிற்கும் ஓட்டுநருக்கு அந்த வடிவமைப்பு ஒரு தண்டனை.

2014-ல் ஜெர்மனி ராலிக்கு முந்தைய சோதனை ஓட்டத்தில் நூவிலின் ஹூண்டாய் திராட்சைத் தோட்டத்துச் சரிவில் பலமுறை உருண்டது. இரவோடு இரவாக மெக்கானிக்குகள் அதை நிமிர்த்தினார்கள். அந்த வாரக் கடைசியில் அதே கார் ஹூண்டாயின் முதல் உலக ராலி வெற்றியைக் கொண்டுவந்தது. முன்னால் போனவர்கள் விபத்துக்குள்ளானதும் காரணம்தான். ஆனால் காரை மறுநாள் காலையில் ஓட்டத் தகுந்ததாக நிறுத்தியது பட்டறை.

விற்பனைப் பிரிவு காரைத் தேர்ந்தெடுப்பது இன்னொரு தவறு. பிரெஞ்சு நிறுவனமான பெஷோவுக்கு 206 என்ற கார் மூன்று ஆண்டு தொடர்ந்து, 2000 முதல் 2002 வரை, பட்டம் வாங்கித் தந்தது. அதன் இடத்துக்குக் கொண்டுவந்தது கூரை திறக்கும் 307-ஐ. கடையில் விற்க வேண்டிய கார் அதுதான். நீளமான, கையாளக் கடினமான கார். நான்கே கியர் வைத்த அதன் கியர்பாக்ஸ் ஓட்டுநர்களைப் படாதபாடு படுத்தியது. இரண்டு சீசனில் மூன்று வெற்றிகள். அனுபவசாலிக்கே இந்தக் கதி என்றால் புதியவர் எந்தக் காரை எடுப்பது என்பதை ராலிப் பொறியாளரிடம்தான் விட வேண்டும்.

விதிகளின் ஆயுளைப் பார்க்காமல் பணம் போடுவதும் உண்டு. ஃபோர்டு, மிக வேகமான கார்கள் ஓடிய குரூப் பி வகுப்புக்காக 200 கார்கள் கட்டி ஆர்எஸ்200-ஐ 1986-ல் இறக்கியது. அந்த ஆண்டின் ராலி விபத்து மரணங்களுக்குப் பிறகு 1987-லிருந்து அந்த வகுப்பே இல்லை. இதோடு சேர்த்து ஒன்று: விதியில் ஓட்டை தேடாதீர்கள். 1995-ல் டர்போவுக்குப் போகும் காற்றைக் குறுக்கும் வளையத்தில் கைவைத்ததற்காக டொயோட்டா அந்த சீசனின் புள்ளிகளையெல்லாம் இழந்தது, ஓராண்டு தடையும் பெற்றது. தடை முடிந்து வந்து, 1999-ல் தானே விலகி, 2017-ல் மீண்டும் திரும்பியபோது அணியை நான்கு முறை உலக சாம்பியனான டோமி மேக்கினனிடம் கொடுத்து, பின்லாந்தில் யுவஸ்கியூலா அருகே பட்டறை போட்டது. இரண்டாவது போட்டியிலேயே வெற்றி, மறு ஆண்டு பட்டம். சாலையை அறிந்தவர்கள் இருக்கும் ஊருக்குப் போய்க் காரைக் கட்டியதால் கிடைத்த வேகம் இது.

ஒரே ஓட்டுநரை நம்பி அணி கட்டுவதும் ஆபத்து. 2019 முடிவில் நட்சத்திர ஓட்டுநர் செபாஸ்டியன் ஓஜியே சித்ரோவன் அணியை விட்டு விலகினார், சித்ரோவனும் கடையைச் சாத்தியது. பணத்தைப் பாதியில் நிறுத்துவதைப் பற்றி மினியின் கதை ஒன்றே போதும்: 2012 மான்டி கார்லோவில் டானி சோர்டோ இரண்டாம் இடம் பிடித்தார், அந்த ஆண்டே தாய் நிறுவனமான பிஎம்டபிள்யூ ஆதரவைச் சுருக்கி, ஆண்டு முடிவில் முழுவதுமாக விலகியது.

அந்த ஓட்டுநர் தம்பிக்கு நான் சொன்ன பதில் ஹீரோவைப் பற்றியது. ஹீரோ மோட்டார் சைக்கிள் அணி முதன்முதலாக டக்கார் என்ற நெடுந்தூரப் பாலைவன ராலிக்குப் போனது 2017-ல். ராஸ் பிராஞ்ச் அவர்களுக்கு இரண்டாம் இடம் வாங்கித் தந்தது 2024-ல். நடுவில் எத்தனையோ தோல்விகள், 2020-ல் பந்தயத்திலேயே பவுலோ கொன்சால்வெஸ் என்ற வீரரின் மரணம். ஆனாலும் மறு ஆண்டு மீண்டும் புறப்பட்டார்கள். நம் கார் நிறுவனம் ஒன்று நாளைக்கே உலக ராலிக்குப் போவதாக அறிவித்தால், அறிவிப்பில் நான் முதலில் தேடப்போவது குதிரைத்திறனை அல்ல, எத்தனை ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பதை.

"ஏழு வருடமா, அண்ணே?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். தலையசைத்துவிட்டு, மறுநாள் மெட்டு ஏற வேண்டிய வண்டிக்கு ஒரு புதுக் கிராஸ் எடுத்துத் தரச் சொன்னான்.