செட்டிநாட்டு வீட்டில் கேஸ் கீசர் மாட்டப் போகிறீர்களா?

படைப்புக்கு, அதாவது முன்னோரைக் கும்பிடும் சடங்குக்கு, பங்காளிகள் எல்லாரும் வந்து இறங்கினால் தவலையும் விறகும் கட்டுப்படியாகாது. கேஸ் கீசர் வாங்குங்கள், சரி. ஆனால் குளியலறைக்குள் மாட்டவே கூடாது. அது எரியும்போது வரக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. மூடிய அறையில் ஆளைச் சாய்த்துவிடும். எங்கள் கானாடுகாத்தான் வீட்டில் பின்கட்டுத் தாழ்வாரத்தில், கிணற்றடி ஓரமாக மாட்டி, சுவரைத் துளைத்து வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே விட்டோம். பழைய சுண்ணாம்புப் பூச்சு பெயரும், கொத்தனாரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம். சிலிண்டரைப் பள்ளத்தில் வைக்காதீர்கள். டியூப் ஐஎஸ்ஐ முத்திரையோடு இருக்கட்டும். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், குமிழ் விட்டால் கசிவு. உடனே கேஸ் கசிவு அவசர எண் 1906-ஐக் கூப்பிடுங்கள்.

அப்புறம் காப்பீடு. கேஸ் விபத்துக்காக எண்ணெய் நிறுவனங்கள் எடுத்துவைத்திருக்கும் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுக்கு நாம் தனியாகப் பிரீமியம் கட்டுவதில்லை. ஆனால் சொத்துச் சேதத்துக்கான இழப்பீடு இணைப்பு பதிவான முகவரிக்குத்தான். சென்னை சிலிண்டரைக் காரில் போட்டு ஊருக்குக் கொண்டுவருகிற பழக்கத்தை விடுங்கள். அந்தத் தொகைக்கும் உச்சவரம்பு உண்டு, பர்மாத் தேக்குத் தூணுக்குக் காணாது. தீ விபத்துக்குத் தனிப் பாலிசி எடுங்கள். பொதுவீடு என்றால் எல்லாப் பங்காளிகளின் பெயரும் அதில் இருக்கட்டும்.