அந்த இரண்டாவது புள்ளி மாசு இல்லை

அசோபென்சீன் லிகண்டை (உலோகத்தோடு இணையும் மூலக்கூறு) சிலிக்கா நிரப்பிய குழாயில், அதாவது காலம் (column) குரோமட்டோகிராஃபியில், எத்தனை முறை சுத்தம் செய்தாலும் டிஎல்சி தட்டில் (கலவையைப் புள்ளிகளாகப் பிரிக்கும் சிலிக்கா பூசிய தட்டு) கீழே இன்னொரு புள்ளி, என்எம்ஆர் நிறமாலையிலும் கூடவே குட்டிச் சிகரங்கள். சந்தேகத்தில் சதுரத் தட்டு ஒன்றை ஒரு பக்கமாக ஓட்டி, 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கடியில் வைத்து, 90 டிகிரி திருப்பி மறுபடி ஓட்டினேன். எதுவும் மாறாவிட்டால் புள்ளிகள் மூலைவிட்டத்திலேயே இருக்கும்; எனக்கோ மூலைவிட்டத்துக்கு வெளியேயும் புள்ளிகள்! அதாவது ஒரே மூலக்கூறின் இரு வடிவங்களான டிரான்ஸும் சிஸும் வெளிச்சத்தில் ஒன்று மற்றொன்றாக மாறுகின்றன. சிஸ் வளைந்தது, இருமுனைத் திருப்புத்திறன் (மின்முனைப்பு) அதிகம், அதனால்தான் சிலிக்காவில் பின்தங்குகிறது.

சரி, குடுவையை அலுமினியத் தாளில் சுற்றி, டொலுயீனில் இரவு முழுக்க 60 டிகிரி செல்சியஸில் இருட்டிலேயே சூடாக்கினேன். சிஸ் முழுக்க டிரான்ஸுக்குத் திரும்பிவிட்டது, என்எம்ஆர் சுத்தம். அப்புறம் லிகண்டை ருத்தேனியம் என்ற உலோகத்தோடு சேர்ப்பதையும் இருட்டில்தான் செய்கிறேன், பழுப்புக் குடுவை மட்டுமே போதும் என்று நம்புவதில்லை.