டிரெய்லரில் படகோடு வெளியூர் செல்கிறீர்களா? திருட்டிலிருந்து காக்கும் வழிமுறைகள்

டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டனிலிருந்து புளோரிடா கீஸ் தீவுகளில் உள்ள இஸ்லமொராடாவுக்குச் சாலைவழியே சுமார் 1250 மைல். படகை டிரெய்லரில் ஏற்றிப் பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டு ஐ-10 நெடுஞ்சாலையில் கிழக்கு நோக்கிப் போகிறவர்கள் வழியில் இரண்டு இரவுகள் தங்க வேண்டியிருக்கும். நான் வழக்கமாகப் பென்சகோலா அருகே ஓர் இரவும் ஒகாலா அருகே ஓர் இரவும் தங்குகிறேன். வீட்டில் வேலியும் அக்கம்பக்கத்தாரின் கண்களும் காத்து நிற்கிற படகு, அந்த இரண்டு இரவுகளிலும் முன்பின் தெரியாத ஒரு விடுதியின் வாகன நிறுத்துமிடத்தில், சக்கரங்களின் மேல், இழுத்தால் வந்துவிடும் நிலையில் நிற்கிறது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அப்படி ஓர் இரவு கழிந்து, காலை ஐந்தரை மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் படகைப் பார்த்தேன். படகின் ஸ்டியரிங்குக்கு மேல், மீன் இருக்கும் இடத்தைக் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் கருவி இருந்த இடத்தில் வெட்டப்பட்ட கம்பிகள் நான்கு நிறங்களில் நீட்டிக்கொண்டிருந்தன. டிரெய்லரின் பக்கவாட்டில் இருந்த ஸ்டெப்னியும் இல்லை. ஆனால் அதைத் தாங்கியிருந்த போல்ட்டுகளில் நட்டுகள் மட்டும் ஒழுங்காகத் திரும்ப மாட்டப்பட்டிருந்தன. இழந்த பொருள்களைவிட அந்த நட்டுகள்தாம் என்னை உலுக்கின. வந்தவர்களுக்கு அவசரமே இருந்திருக்கவில்லை. அவர்களுக்கு வேண்டிய நேரம், இருட்டு, அமைதி மூன்றையும் நானே கொடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

உடைக்கவே முடியாத பூட்டு என்று எதுவும் கிடையாது. ஆனால் இரண்டு நிமிட வேலையை இருபது நிமிட வேலையாகவும், ஓசையில்லாத வேலையை ஊர் கேட்கும் வேலையாகவும் மாற்ற நம்மால் முடியும். முதல்முறையாகப் படகை இழுத்துக்கொண்டு வெளியூர் செல்பவர்களுக்காக, அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: கிளம்புவதற்கு முன் எண்களை எழுதி வையுங்கள்

அமெரிக்காவில் 1972 நவம்பருக்குப் பின் கட்டி விற்கப்படும் படகுகளுக்கு ஹெச்.ஐ.என். எனப்படும் அடையாள எண் உண்டு. எழுத்துகளும் இலக்கங்களுமாகப் பன்னிரண்டு குறிகள் கொண்ட அந்த எண், படகின் பின்பலகையில் வலப்பக்கம், மேல் விளிம்பை ஒட்டி இரண்டு அங்குலத்துக்குள் பொறிக்கப்பட்டிருக்கும். அதன் முதல் மூன்று எழுத்துகள் தயாரிப்பாளரைக் குறிப்பவை. 1984 ஆகஸ்டு முதல் கட்டப்பட்ட படகுகளில் இதே எண், வெளியே தெரியாத இன்னோர் இடத்திலும் இருக்க வேண்டும் என்பது விதி. வெளியில் உள்ள எண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டாலும் படகு யாருடையது என்று நிறுவுவதற்காகவே அந்த ஏற்பாடு.

இந்த எண்ணோடு, டிரெய்லரின் பதினேழு குறிகள் கொண்ட வி.ஐ.என். என்னும் வாகன அடையாள எண்ணையும், அவுட்போர்டு இன்ஜினைப் பின்பலகையில் பிடித்திருக்கும் தாங்கியில் உள்ள வரிசை எண்ணையும், படகின் முன்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பதிவு எண்ணையும் ஒரே தாளில் எழுதிப் பணப்பையில் வையுங்கள். ஒவ்வோர் எண்ணையும் கிட்டத்தில் ஒரு முறையும், அது இருக்கும் இடம் தெரியும்படி சற்றுத் தள்ளி நின்று ஒரு முறையும் படம் எடுங்கள். கீறல், ஒட்டுப்போட்ட இடம், நீங்களே துளையிட்டு மாட்டிய தூண்டில் தாங்கி போன்றவற்றையும் படம் எடுப்பது நல்லது; ஒரே மாதிரிப் படகுகள் ஆயிரம் இருந்தாலும் அந்தக் கீறல் உங்கள் படகில் மட்டுமே இருக்கும். மேலும், இருக்கைக்கு அடியிலோ தரைப்பலகையின் உட்புறத்திலோ உங்களுக்கு மட்டும் தெரிந்த ஓர் இடத்தில் சொந்தமாக ஓர் அடையாளத்தைப் பொறித்து, அதையும் படம் எடுத்து வையுங்கள்.

பதிவுச் சான்றிதழை இரவில் படகுக்குள் விட்டுவிடக் கூடாது. அதில் உங்கள் வீட்டு முகவரி இருக்கிறது. நீங்கள் ஊரில் இல்லை என்பது அதைக் கையில் எடுத்தவனுக்கு ஏற்கெனவே தெரியும்.

படி 2: காப்பீட்டு நிறுவனத்தை அழையுங்கள்

மூன்று கேள்விகள் போதும். பாலிசியில் டிரெய்லர் தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா? கழற்றி எடுக்கக்கூடிய மின்னணுக் கருவிகளுக்கும் தூண்டில் சாமான்களுக்கும் எவ்வளவு வரை கிடைக்கும்? பூட்டுப் போட்டிருந்ததற்கோ உடைத்து எடுத்ததற்கோ சான்று கேட்பார்களா? சில பாலிசிகளில் உடைத்த தடயம் இல்லாவிட்டால் பணம் கிடைக்காது. ஆகவே பூட்டு வாங்கிய ரசீதுகளையும், ஒவ்வோர் இரவும் பூட்டிய பின் எடுக்கும் படங்களையும் பத்திரப்படுத்துங்கள்.

படி 3: சரியான பூட்டுகளை வாங்குங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தவறு செய்வது இங்கேதான். படகைத் திருடுகிறவன் படகைத் தொடுவதே இல்லை; அவன் டிரெய்லரைத் தன் வண்டியில் மாட்டி ஓட்டிச் செல்கிறான். ஆகவே முதலில் கவனிக்க வேண்டியது, டிரெய்லரின் முன்மூக்கில் உள்ள கப்ளர் என்னும் பகுதியை. கவிழ்த்த கிண்ணம் போன்ற இந்த இரும்புப் பகுதிதான் வண்டியின் பின்னால் உள்ள ஹிட்ச் என்னும் இணைப்பின் உருண்டையைக் கவ்விக்கொள்கிறது.

கப்ளரின் தாழ்ப்பாளில் மாட்டுகிற சிறிய பூட்டு, வண்டியோடு டிரெய்லர் இணைந்திருக்கும்போது பயன்படும். கழற்றி நிறுத்தும்போது அது மட்டும் போதாது. தாழ்ப்பாள் பூட்டியிருந்தாலும் அளவில் சிறிய உருண்டையை உள்ளே நுழைத்து இழுத்துவிட வாய்ப்பு இருக்கிறது. கிண்ணத்தின் உட்குழிவையே ஓர் இரும்பு உருண்டையால் நிரப்பி, மேலே வளையத்தால் இறுக்கும் வகைப் பூட்டு ஒன்று தனியாக வேண்டும். படகு டிரெய்லர்களில் 2 அங்குல உருண்டை மிகுதி. 1 7/8 அங்குலமும் 2 5/16 அங்குலமும் உண்டு. கப்ளரின் மேலேயே அளவு பொறிக்கப்பட்டிருக்கும். அதைப் பார்த்த பிறகே வாங்குங்கள். தளர்வாக ஆடுகிற பூட்டைச் சுத்தியலால் தட்டியே எடுத்துவிடுவார்கள்.

அடுத்தது, பலர் மறந்துவிடுகிற ஹிட்ச் பின். வண்டியின் பின்னால் உள்ள சதுரக் குழாய்க்குள் ஹிட்ச் உருண்டையின் தண்டைச் செருகி, குறுக்கே ஒரு பின்னைப் போட்டு, அதன் முனையில் வளைந்த கம்பி ஒன்றை மாட்டுகிறோம். அந்தக் கம்பியை வெறும் கையால் உருவிவிடலாம். கப்ளர் பூட்டியிருக்கிறது என்ற நம்பிக்கையில் நாம் தூங்கும்போது, திருடன் பாதுகாப்புச் சங்கிலிகளையும் மின்கம்பி இணைப்பையும் கழற்றி, பின்னை உருவி, உருண்டையோடு சேர்த்தே டிரெய்லரை எடுத்துத் தன் வண்டியின் குழாயில் செருகிக்கொள்ள முடியும். எனவே சாதாரணப் பின்னுக்குப் பதிலாகச் சாவியுள்ள பூட்டுப் பின் போடுங்கள். 2 அங்குலக் குழாய்க்குப் பொதுவாக 5/8 அங்குலப் பின் பொருந்தும்.

மூன்றாவது, சக்கரம். கப்ளரில் என்ன பூட்டு இருந்தாலும், சங்கிலியைச் சுற்றி எப்படியாவது இழுத்துச் செல்ல முனைகிறவர்கள் உண்டு. சக்கரம் சுழலாவிட்டால் அந்த வழியும் அடைபடும். சக்கர நட்டுகளை மூடி மறைக்கும் வகைப் பூட்டையே தேர்ந்தெடுங்கள். நட்டுகள் வெளியே தெரிந்தால் சக்கரத்தையே கழற்றிவிட்டு உங்கள் ஸ்டெப்னியை மாட்டி இழுத்துப் போகலாம்; ஸ்டெப்னிக்கும் ஒரு பூட்டு தேவை என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். இரண்டு அச்சுகள் உள்ள டிரெய்லராக இருந்தால், குறைந்தது 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள, கடினப்படுத்திய எஃகுச் சங்கிலியை ஒரு பக்கத்து இரண்டு சக்கரங்களுக்குள்ளும் நுழைத்துச் சட்டத்தைச் சுற்றிப் பூட்டுங்கள். பிரேக் குழாய் சங்கிலிக்குள் சிக்கக் கூடாது. சங்கிலி தரையில் கிடக்காமல் இறுக்கமாகவும் உயரமாகவும் இருக்கட்டும். தரையில் கிடந்தால் போல்ட் கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி முழு உடல் எடையையும் கொடுத்து நறுக்க முடியும்.

இன்ஜினுக்கும் தனிப் பூட்டு உண்டு. கைப்பிடித் திருகுகளால் மாட்டப்படும் சிறிய இன்ஜினுக்கு, இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து மூடும் குழாய் போன்ற பூட்டு போதும். போல்ட் போட்டு மாட்டிய பெரிய இன்ஜினுக்கு ஒரு போல்ட்டிலாவது சாவியுள்ள நட்டு வேண்டும்.

கடல் உப்புக்காற்று பூட்டுகளை விரைவில் கெடுத்துவிடும். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே எல்லாவற்றையும் திறந்து மூடிப் பார்த்து, சாவித் துளையில் கிராஃபைட் தூள் போட்டு வையுங்கள்.

படி 4: நிறுத்தும் இடத்தை வெளிச்சம் இருக்கும்போதே தேர்ந்தெடுங்கள்

விடுதியைப் பதிவு செய்யும் முன் தொலைபேசியில் கேளுங்கள்: டிரெய்லரோடு வண்டி நிறுத்த இடம் உண்டா, வரவேற்பறையிலிருந்து அந்த இடம் தெரியுமா? கேமரா இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. நடந்ததைக் கேமரா பிறகு காட்டும். நடக்கும்போது பார்ப்பதற்கு ஒரு மனிதர் வேண்டும். பெரிய வண்டிகளுக்கென்று கட்டடத்தின் பின்புறத்தைக் காட்டுவார்கள். அந்த இருட்டு மூலையைத் தவிர்த்து, முன்புறத்தில் இரண்டு இடங்களை அடைத்து நிறுத்த அனுமதி கேளுங்கள். மாலை ஆறு மணிக்குள் போய்ச் சேர்ந்தால் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது.

எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துவது என்பது, டிரெய்லரைக் கழற்றப் போகிறீர்களா இல்லையா என்பதைப் பொறுத்தது. வண்டியோடு இணைந்தே நிற்கப்போகிறது என்றால், பின்னோக்கி ஓட்டிப் படகின் இன்ஜினைச் சுவரை ஒட்டி நிறுத்துங்கள். புரொப்பெல்லரையும், இன்ஜினின் அடிப்பகுதியான லோயர் யூனிட்டையும் மட்டும் சில போல்ட்டுகளைக் கழற்றி எடுத்துப் போகிற திருட்டு உண்டு. ஸ்பேனர் திருப்ப இடமில்லாவிட்டால் அது நடக்காது. கழற்றி நிறுத்துவதாக இருந்தால் கப்ளர் சுவரைப் பார்க்கட்டும். ஓரிரவுத் தங்கலுக்குக் கழற்றாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. ஆனால் அப்போது வண்டி போனால் படகும் சேர்ந்து போகும்; ஸ்டியரிங்குக்கு ஒரு குறுக்குப் பூட்டும் போடுங்கள்.

படி 5: இரவில் பூட்டும் வரிசை

முதலில் கழற்றக்கூடியவற்றை அறைக்கு எடுத்துச் செல்லுங்கள்: ஃபிஷ் ஃபைண்டர், தூண்டில்கள், ரேடியோ, சாவிகள், ஓட்டுபவர் தவறி விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு. கருவி இருந்த இடத்தில் வெறும் தாங்கி மட்டும் தெரியட்டும். பிறகு ஹிட்ச் பின், கப்ளர், சக்கரம், ஸ்டெப்னி, இன்ஜின் என்று முன்னிருந்து பின்னாக ஒரே வரிசையில் பூட்டுங்கள். வரிசை மாறாவிட்டால் களைப்பிலும் எதுவும் விடுபடாது. ஒவ்வொரு பூட்டையும் கையால் பிடித்து உலுக்கிப் பார்த்த பின், படகின் உறையை இறுக்கிக் கட்டிப் படம் எடுங்கள்.

கடைசியாக, காலையில் பூட்டுகளை நினைவூட்ட வண்டியின் ஸ்டியரிங்கில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டுங்கள். சக்கரப் பூட்டை மறந்து காலையில் வண்டியை எடுத்தால் மட்கார்டு நசுங்கிவிடும். காலையில் வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றிப் பூட்டுகளைக் கழற்றும்போது, ஒவ்வொரு சக்கர நட்டையும் ஸ்பேனர் வைத்துச் சோதியுங்கள். இரவில் யாராவது பாதி தளர்த்திவிட்டுப் போயிருந்தால், அது நெடுஞ்சாலையில் தெரியவரக் கூடாது.

படி 6: படகுத் துறையில் காலி டிரெய்லர்

படகைத் தண்ணீரில் இறக்கிய பிறகு டிரெய்லர் நாள் முழுவதும் கரையில் காலியாக நிற்கிறது. நீங்கள் மாலை வரை வரமாட்டீர்கள் என்பது பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். படகின் பாரமும் இல்லாததால் அதை நகர்த்துவது எளிது. ஹிட்ச் பின், கப்ளர், சக்கரம் மூன்றுக்கும் இங்கேயும் பூட்டுப் போடுங்கள். மூன்று நிமிடம்கூட ஆகாது. நீங்கள் தண்ணீரில் இருப்பதை ஊருக்கே அறிவிக்க வேண்டாம்; மீன்பிடிக்கும் படங்களை ஊர் திரும்பிய பிறகு பகிர்ந்துகொள்ளலாம்.

படி 7: தடமறியும் கருவி, திருட்டு நடந்தால் செய்ய வேண்டியவை

ஏர்டேக் போன்ற புளூடூத் கருவி விலை குறைவு. நாணய வடிவ பேட்டரி ஓராண்டுக்கு மேல் வரும். ஆனால் அருகில் யாருடைய ஃபோனாவது இருந்தால்தான் அது இடத்தைக் காட்டும். தொடர்ந்து உடன் வரும் கருவியைப் பற்றித் திருடனின் ஃபோனுக்கே எச்சரிக்கை போய்விடும் என்பது இன்னொரு குறை. செல்பேசிச் சிம் உள்ள ஜி.பி.எஸ். கருவிக்கு மாதக் கட்டணம் உண்டு என்றாலும், படகு நகர்ந்த உடனே உங்களை எழுப்பிவிடும். முடிந்தால் ஒன்றைப் படகிலும் மற்றொன்றை டிரெய்லரிலும் வையுங்கள். இரண்டையும் பிரித்து விற்பது வழக்கம். அலுமினியப் படகில் உலோகப் பெட்டிக்குள் வைத்தால் சிக்னல் கிடைக்காது.

திருட்டு நடக்கும்போதே பார்த்துவிட்டால் அறைக்குள் இருந்தபடியே அவசர உதவி எண்ணான 911-ஐ அழையுங்கள், வெளியே ஓடாதீர்கள். கருவி இடத்தைக் காட்டினாலும் தனியாகத் தேடிப் போகாதீர்கள், அந்தத் தகவலைக் காவல்துறையிடம் கொடுங்கள். எந்த ஊரில் திருட்டு நடந்ததோ அந்த ஊர்க் காவல்துறையிடம்தான் புகார் பதிவு செய்ய வேண்டும். எண்கள் முழுமையாக இருந்தால் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. நடத்தும் என்.சி.ஐ.சி. என்னும் தேசியக் குற்றத் தகவல் தரவுத்தளத்தில், களவுபோன படகுகளுக்கென உள்ள பகுதியில் அவர்களால் பதிவு செய்ய முடியும். பிறகு எந்த மாநிலத்துக் காவலர் அந்தப் படகைச் சோதித்தாலும் தெரிந்துவிடும். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக் காப்பீட்டு நிறுவனத்துக்கும், படகைப் பதிவு செய்த துறைக்கும் சொல்லுங்கள். டெக்சஸில் அது பூங்காக்கள், வனவிலங்குத் துறை. அங்கே படகைப் போலவே அவுட்போர்டு இன்ஜினுக்கும் தனி உரிமைப் பத்திரம் உண்டு என்பதால் இன்ஜின் எண்ணையும் மறக்காமல் தெரிவியுங்கள். பின்பலகையில் எண் சுரண்டப்பட்ட நிலையில் படகு கிடைத்தால், இருக்கைக்கு அடியில் நீங்கள் பொறித்த அடையாளத்தின் படத்தைக் காவலரிடம் காட்டி, எந்தப் பலகையைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.